பதில் வராத சரிவு

"எத்தனை தடவை கூப்பிட்டீங்க?"

வேன் ஓட்டி மலைகளைச் சுற்றிக்காட்டும் ரூரி திரும்பிப் பார்த்தான். கேட்டது மோராக். பெர்த் ஊரிலிருந்து தனியாக வந்தவள், அறுபத்தெட்டு வயது. மூன்று நாளாக வேனின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து, ஒரு போட்டோகூட எடுக்காமல் வந்தாள். இன்று காலைதான் முதன்முதலாக வாய் திறந்து, "அந்த வளைவில் கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள்.

ரெண்டு வருடமாக ரூரி அந்த வளைவில் வண்டியை நிறுத்தியதில்லை.

"யாரைம்மா கூப்பிட்டேன்?"

"இந்த மலையில விழுந்தானே ஒரு பையன். அவனை."

எதிரே கிரெயக் தூ மலை. இடுப்புக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது. மற்ற ஆறு பயணிகளும் வேனுக்குள் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆர்க்னித் தீவுக்காரரான கிழவர் மேக்னஸ் கண்ணாடியை இறக்கினார்.

"ஏம்பா ரூரி, மலையைக் காட்டுறேன்னு கூட்டிட்டு வந்தியே, எங்க மலை? யாராவது தூக்கிட்டுப் போயிட்டாங்களா?"

உள்ளே சிரித்தார்கள். ரூரிக்குச் சிரிப்பு வரவில்லை. மோராக்கோடு ஆட்டுவேலி வரைக்கும் நடந்தான். சாரல் முகத்தில் குத்தியது.

"பேப்பர்ல படிச்சீங்களா?"

"நான் ஃபின்லேயோட அம்மா."

ரூரி வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டான். பயணிகள் பட்டியலில் மோராக் கில்கிறிஸ்ட் என்றுதான் இருந்தது. செத்துப்போனவன் ஃபின்லே மன்ரோ. பிறந்த வீட்டுப் பெயரில் பதிவு செய்திருக்கிறாள். விசாரணைக்கு இவளுடைய மகள்தான் வந்திருந்தாள். அப்போது இவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

"அரை மணி நேரம் விடாம கூப்பிட்டேன்னு விசாரணையில சொல்லியிருக்கீங்க" என்றாள் மோராக். "என் மகள் எழுதிக்கிட்டு வந்தா."

"ஆமா."

"நிஜமா?"

நிஜம் என்று சொல்லிவிடலாம். இத்தனை நாள் அதைத்தான் சொன்னான். போலீஸிடம், கம்பெனியிடம், கட்டிய மனைவியிடம்கூட. அன்று அவன் மலையேறக் கூட்டிப்போய், மூடுபனியில் நின்ற மற்ற ஐந்து பேருக்கும் நேரம் தெரியவில்லை. அரை மணி என்று அவன் சொன்னதும் அவர்களும் அரை மணி என்றே சொன்னார்கள். ஆனால் எதிரில் நிற்பவள் கோபமாகப் பார்க்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தாள், அவ்வளவுதான்.

"நாலு தடவை" என்றான் ரூரி. "நாலே நாலு தடவை."

"வரிசையில கடைசியா வந்தான். கல் பெயர்ற சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன், ஆள் இல்ல. கீழ ஒண்ணுமே தெரியல, வெறும் வெள்ளை. விளிம்புல நின்னு கூப்பிட்டேன். பதில் வரல. பின்னால ஒரு பொண்ணு உக்காந்து அழ ஆரம்பிச்சிட்டா, இன்னொருத்தர் குளிர்ல வெடவெடன்னு நடுங்குறார். செத்துட்டான்னு நானே முடிவு பண்ணிட்டேன். இவங்களைக் கூட்டிக்கிட்டு இறங்கிட்டேன்."

"கயிறு இல்லையா?"

"தோள்லயே இருந்துச்சு. ஒரு முனகல் கேட்டிருந்தாக்கூட இறங்கியிருப்பேம்மா. சத்தியமா இறங்கியிருப்பேன். ஒரே ஒரு முனகல்."

மறுநாள் காலை பனி விலகிய பிறகுதான் மீட்புக்காரர்கள் ஃபின்லேயைத் தூக்கி வந்தார்கள். எந்நேரத்தில் உயிர் போனது என்று டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. விழுந்ததுமே போயிருக்கலாம் என்ற நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் ரூரி இத்தனை நாள் தூங்கினான்.

"நாலுதான்" என்றாள் மோராக். "எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"விசாரணையெல்லாம் முடிஞ்ச பிறகு அவன் போனைத் திருப்பிக் கொடுத்தாங்க. அதைத் திறக்க என் மகளுக்கு ஒரு வருஷம் ஆச்சு. சிக்னல் கிடைக்காததால எனக்குச் சொல்ல வேண்டியதைப் பேசிப் பதிவு பண்ணி வச்சிருக்கான். அதுல உங்க குரல் கேக்குது."

ரூரி ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"உயிரோட இருந்தானா?"

"இருந்தான். கால் ரெண்டும் போச்சு. ஆனா நினைவு நல்லா இருந்துச்சு. இருட்டுற வரைக்கும் பேசியிருக்கான்."

வேனிலிருந்து மேக்னஸ் ஏதோ கத்தினார். இருவர் காதிலும் விழவில்லை.

"போலீஸ்ல கொடுங்க" என்றான் ரூரி. "இப்பவே போவோம். நானும் வர்றேன். பொய் சொன்னேன்னு நானே சொல்லிடுறேன்."

"கொடுக்கத்தான் இருந்தேன். முதல் தடவை கேட்டப்போ, உன் குரல் அவ்வளவு கிட்டக்க கேட்டுச்சு. உன்னைக் கொன்னு போடணும்னு இருந்துச்சு. அத்தோட நிறுத்திட்டேன். மிச்சத்தைக் கேக்க அஞ்சு மாசம் தைரியம் வரல."

அவன் தலையைத் தூக்கவில்லை. மோராக் வேலியைப் பிடித்தபடி மெல்லக் குனிந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போன வாரம்தான் முழுசும் கேட்டேன். நீ நாலாவது தடவை கூப்பிட்டு ஓய்ஞ்சதும், அவன் ரகசியம் பேசுற மாதிரி சொல்றான்: 'நேர் மேலதான்மா நிக்கிறார். நான் குரல் கொடுத்தா இறங்கிடுவார். பாறை உதிர்ந்துக்கிட்டே இருக்கு, அவர் விழுந்தா அந்த அஞ்சு பேரையும் கீழ கொண்டுபோக ஆள் இல்ல. அதான் முனகல் வெளிய வராம வாயைப் பொத்திக்கிட்டேன்.'"