உள்ளேயிருந்து ஒரு பிடி

வீட்டுக்குப் பின்னால் செம்மண் திட்டில் ஒரு சிலந்தி வளை தோண்டி வாழ்ந்தது. வளையின் வாயில் மண்ணும் நூலும் சேர்ந்த வட்ட மூடி. ஊசியால் நெம்பினால், விரலளவு திறக்கும். உடனே சிலந்தி பல்லால் பிடித்து இழுத்து மூடிக்கொள்ளும். மூடியின் அடியில் அந்தப் பல் பதிந்த இரண்டு குழிகள் இருக்கும். அந்த இனத்துக்கு இன்னும் பெயர்கூட இல்லை. விலங்கியல் படித்த நான் வேறெங்கு தேடியும், அதைக் காணவில்லை.

அஜேஷ் அண்ணன் திட்டை இடித்து வீடு வைக்கத் தீர்மானித்தான். மழை முடியட்டும், வேறிடத்துக்கு மாற்றிவிடுகிறேன் என்று கெஞ்சினேன்.

"எட்டுகாலிக்கு வீடு உண்டு. எனக்கு வேண்டாமாட்டி?" என்றான். அம்மாவும் சிரித்தாள். மறுநாள் ஜேசிபி வந்தது.

புதுவீட்டுப் பால்காய்ச்சுக்குப் பாறசாலையிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். வாசல் கதவு வெளிப்பக்கம் திறப்பது. அண்ணன் பூட்டை எடுத்து இழுத்தான். விரலளவு திறந்து, திரும்ப மூடிக்கொண்டது.

"ஆருலே உள்ள?"

நாங்கள் எல்லோரும் முற்றத்தில்தான் நின்றோம்.

"மரம் வீங்கினதாக்கும்" என்ற ஆசாரி, கீலைக் கழற்றிக் கதவைக் கீழே போட்டார். வீடு காலியாக இருந்தது. கதவின் உட்பக்கம் இரண்டு குழிகள். என் கைமுஷ்டி உள்ளே போனது.

"இது உனக்க வேலையா?" என்று என்னைக் கேட்டான் அண்ணன். குழிகளை அடைத்து, கதவைத் திரும்ப மாட்டி, அன்றே தனியாகக் குடியேறினான்.

பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. அம்மா தினமும் சோறு கொண்டுபோய்க் கதவை இழுக்கிறாள். விரலளவு திறந்து மூடிக்கொள்கிறது.

"உள்ள ஆளுண்டு மக்கா" என்று வந்து சொல்கிறாள்.