முழு நாள்

இழப்பீடு கிடையாது என்று வந்த பதிலை எதிர்த்து முறையிட, மலேசியாவின் லிங்கி எண்ணெய்ப்பனைத் தோட்டத்திலிருந்து சிரம்பான் நகரத் தொழிலாளர் அலுவலகத்துக்கு வந்திருந்தான் புனிதன். இடது கண் போய்விட்டது. பக்கத்தில் மனைவி புஷ்பவள்ளி.

"காலையில செம்பனை முள்ளு குத்துச்சுன்னு சொல்றீங்க. ஆனா அன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் உங்க பேர்ல பழக்குலை வெட்டினதா கணக்கு இருக்கே? வேலை முடிஞ்சு வீட்டுலதான் அடிபட்டிருக்கணும்னு தோட்டத்துல சொல்றாங்க," என்றார் அதிகாரி நிரோஷா.

"குத்தின உடனே வீட்டுக்கு வந்து படுத்துட்டேன்லா, மேடம்."

"பார்த்தவங்க யாராச்சும்?"

"இவதான். கண்ணுல துணியக் கட்டிவிட்டுட்டு, எனக்காக வேண்டிக்கக் கோயிலுக்குப் போனா. இருட்டினப்புறம்தான் வந்தா. அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா கண்ணு தப்பிச்சிருக்கும்னு டாக்டர் சொன்னாரு."

"அப்ப அந்தக் குலையெல்லாம் யாரு வெட்டினது?"

புனிதன் உதட்டைப் பிதுக்கினான்.

புஷ்பவள்ளி தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நான் கோயிலுக்குப் போகல மேடம். இவருக்குப் பாதி நாள் சம்பளம் போயிருமேன்னு, மிச்சத்த நான்தான் வெட்டினேன்."

புனிதன் மிஞ்சியிருந்த கண்ணால் அவளைப் பார்த்தான்.