கொஞ்சம் தேறின மாதிரி

அடிவாரத்துக் காளை வருஷாவருஷம் தினை அனுப்பும். அதை மலை அணில்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது மைனாவின் வேலை. மைனாவின் பிழைப்பும் அதுதான்.

ஒருநாள் மைனா படபடப்போடு வந்தது.

"நாளைக்குக் காளை ஐயாவே நேரில் பார்க்க வர்றாராம்."

"நாங்க எப்படி இருக்கணும்?" என்று அணில்கள் கேட்டன.

"கொழுத்துத் தெரிஞ்சா, இனிமே தேவையில்லைன்னு நிறுத்திடுவார். மெலிஞ்சு தெரிஞ்சா, கொடுத்ததெல்லாம் வீண்னு நிறுத்திடுவார்." மைனா கிளைக்குக் கிளை தத்தியது. "மெலிஞ்சே இருங்க. ஆனா போன வருஷத்துக்கு இப்போ கொஞ்சம் தேறின மாதிரி."

அணில்கள் வயிற்றை எக்கின. கொஞ்சம் விட்டன. மறுபடி எக்கின.

"இது சரியா இருக்கா?"

"இருக்கு. அப்படியே மூச்சைப் பிடிச்சுக்கோங்க."

"அப்போ நீங்க, மைனாக்கா?"

மைனா குனிந்து தன் வயிற்றைப் பார்த்தது. அதுவும் எக்கியது. எவ்வளவு எக்கியும் உள்ளே போகவில்லை.