சுபாஷுக்கு ஒரு ரைஃபிள்

"நீளமான பேரலே போடச் சொல்லுங்கப்பா. பழசு சரியில்ல, அதான் குண்டு சிதறுது" என்றான் சுபாஷ். ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்த ஈரத்துண்டு இன்னும் அவன் தோளில்தான் கிடந்தது.

அவன் அப்பா நம்பிராஜன் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, இப்போது தென்காசியில் ஒரு வங்கி வாசலில் காவலுக்கு நிற்பவர். நாள் முழுக்க நின்ற கால்களை எதிர் நாற்காலியில் நீட்டியிருந்தார்.

மகனை நெடுந்தூரத் துப்பாக்கி சுடும் போட்டிகளுக்கு வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டு அலைந்த அலுப்பும் அந்தக் கால்களில்தான் இருந்தது. போன தடவையும் மாநில அணியில் அவன் பெயர் வரவில்லை. இந்த ஒரு துப்பாக்கி, இந்த ஒரு வருஷம், அதோடு சரி என்று முடிவு செய்திருந்தார். அதற்கு மேல் உடம்பும் தாங்காது, மனசும் தாங்காது.

மேஜைமேல் செல்போன் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தது. பேசியவர் துல்கர்னைன். சொந்த ஊர் கடையநல்லூர், கோயம்புத்தூரில் துப்பாக்கிக் கடை.

"அண்ணாச்சி, தோள்ல வைக்கிற கட்டைய பொறவு எப்ப வேணும்னாலும் மாத்திக்கிடலாம். குண்டு பாயுற பேரலும், அத உள்ள ஏத்துற ஆக்ஷனும் சேர்ந்த இந்தப் பாகம்தான் துப்பாக்கிக்கு உசுரு. குட்டைப் பேரல்னா தூக்க லேசு. நீளமானது கனம், ஆனா சூடேறினாலும் குறி நகராது."

"சாரல் காலத்துல துரு ஏறுமோ?" என்று கேட்டார் நம்பிராஜன்.

"ரெண்டுமே துரு ஏறாது. குண்டு போட இழுக்கிற போல்ட்டு வழக்கம்போல வலப்பக்கம். காலித் தோட்டாவும் அந்தப் பக்கமே சுடச்சுட விழும். அதுல கேக்கதுக்கு ஒண்ணுமில்ல. நீளமா, குட்டையா, அத மட்டும் சொல்லுங்க."

அனுசியா டீ கொண்டு வந்தாள். சுபாஷுக்கு இளையவள். அண்ணன் சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போகும்போதெல்லாம் சாப்பாட்டுப் பையும் குடையும் அவள் தலையில்தான்.

"ஏட்டி, பீச்சாங்கையால குடுக்காதன்னு எத்தன தடவ சொல்லுதேன்!" அடுப்படியிலிருந்து அம்மா மாரித்தாயின் குரல் வந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதே அடித்துத் திருத்திய கை, இன்னும் முழுசாகத் திருந்தவில்லை. அனுசியா டம்ளரை அவசரமாக வலது கைக்கு மாற்றி நீட்டினாள்.

அந்த வலது கை மணிக்கட்டுக்கு மேலே, மொச்சைக்கொட்டை அகலத்தில் ஒரு சிவந்த தழும்பு.

"என்னம்மா இது?"

"தோசைக்கல்லு சுட்டுட்டுப்பா."

"ரெண்டு கையுமே அவளுக்குப் பிரயோசனமில்ல" என்றாள் மாரித்தாய்.

நம்பிராஜன் டீயை ஒரு வாய் குடித்தார். சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் தொங்கிய குறி அட்டையைப் பார்த்தார். போன ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சில் அவர் டீ குடிக்கப் போய்விட்டுத் திரும்பியபோது சுபாஷ் கொண்டுவந்து காட்டிய அட்டை அது. ஐந்து குண்டும் ஒரே இடத்தில், ஒரு ரூபாய்க் காசை வைத்தால் மறைந்துவிடும். அன்றைக்கு மகனை எல்லோர் முன்னாலும் கட்டிப்பிடித்துவிட்டார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அன்று ராத்திரிதான் அலுப்புத் தெரியாமல் தூங்கினார்.

"ஏலே, பேரல் சரியில்லங்க. அதே பேரல்லதானலே இந்த அஞ்சும் போச்சு?"

சுபாஷ் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினான். துவட்ட அங்கே ஈரமே இல்லை.

"அது... அன்னைக்குக் காத்து இல்லப்பா."

"காத்து இல்லயா? அன்னைக்கே நீ அதுக்கு முன்னால சுட்ட அட்டையில ஒண்ணு கிழக்க கிடக்கு, ஒண்ணு மேக்க கிடக்கு."

"நீங்க பக்கத்துல நின்னா எனக்குக் கை நடுங்குதுப்பா."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அதைச் சொல்லக்கூட நம்பிராஜனுக்குத் தெம்பில்லை. "ஆம்பளப் புள்ளய நொச்சு நொச்சுன்னு கேட்டா அவன் என்ன செய்வான்?" என்று மாரித்தாய் வாசற்படியில் வந்து நின்றாள். காலி டம்ளரை எடுத்துக்கொண்டு அனுசியா உள்ளே நழுவப் பார்த்தாள்.

"அனு, இங்கன வா."

வந்தாள். நம்பிராஜன் அவள் வலது கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். தழும்பின் விளிம்பு சின்ன வட்டமாக இருந்தது; தோசைக்கல் இப்படிச் சுடாது. திரும்பி, சுவரில் தொங்கிய குறி அட்டையைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை. சுபாஷும் நிமிரவில்லை.

கையை விடாமலே சாய்ந்து உட்கார்ந்தார். அவருக்குக் கண் கலங்கியது. எதற்கென்று மாரித்தாய்க்கு விளங்கவில்லை.

"அண்ணாச்சி, லைன்ல இருக்கியளா?" துல்கர்னைன் குரல். "சுபாஷ் தம்பி கேட்டபடி நீளமானதே எழுதிக்கிடட்டுமா?"

"எழுதிக்கோ. நீளமானதே இருக்கட்டும்."

சுபாஷ் மூச்சு விட்டான்.

"போல்ட்ட மட்டும் இடப்பக்கம் மாத்திரு துல்கரு, எம் மவ பீச்சாங்கைக்காரில்லா!"