மாடிப்படி

"ஏ பேச்சி, மேல போயி அந்த சுங்குடிச் சேலைக் கட்டை எடுத்துட்டு வா."

சூப்பர்வைசர் கொம்பையா குரல் கொடுத்ததும் பேச்சித்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். இடுப்பில் கிளம்பித் தொடையின் பின்பக்கமாக இறங்கி, குதிகால் வரை சுண்டி இழுக்கும் வலி.

கட்டோடு இறங்கி வந்தால், "இது இல்ல, நீலக் கரை போட்டது. திரும்பப் போ" என்றார்.

"சும்மா நிக்கிற எங்களை அனுப்பக் கூடாதா அண்ணாச்சி?" என்றாள் கூட வேலை பார்க்கும் மைதீன் பாத்திமா.

"உன் சோலியப் பாரு."

டவுன் ரதவீதி ஜவுளிக்கடை அது. துணி எடுத்துப் போடும் பெண்கள் உட்காரக் கூடாது. ஈ, காக்கை வராத மத்தியானத்திலும் நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும்.

தெருமுனை டாக்டர், இது சயாட்டிகா, இடுப்பு நரம்பு பண்ணுகிற வேலை, படியே ஏறாதே என்று சொல்லியிருந்தார். அதைக் கொம்பையாவிடம் சொன்னபோது, சாயங்காலமானால் கால் வீங்குகிறதா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றாள். மறுநாளிலிருந்துதான் இந்தப் படியேற்றம்.

தீபாவளிக்கு முன்னால் ஒருநாள், பாத்திமா எல்லாரையும் கூட்டிக்கொண்டு முதலாளியிடம் போனாள். முதலாளிக்கு மனசு இளகிவிட்டது. பேச்சித்தாயை பில் மேசைக்குப் பக்கத்தில், துணியை மடித்துக் கொடுக்கிற இடத்துக்கு மாற்றினார். ஓரடி நகர வேண்டாம், நின்ற இடத்தில் நின்றால் போதும்.

"பொம்பளப் பிள்ளைகளை வதைக்கவா உம்மை வச்சிருக்கேன் வே?" என்று கொம்பையாவை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பினார்.

கொம்பையா சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகிறபோது பேச்சித்தாயின் காலை ஒரு தடவை பார்த்தார்.

"பாரேன், போறப்பவும் கண்ணு போட்டுட்டுப் போவுதாரு" என்றாள் பாத்திமா. எல்லாரும் சிரித்தார்கள். பேச்சித்தாயும் சிரித்தாள்.

தீபாவளி வியாபாரம் ஓய்வதற்குள் அவள் கணுக்கால் கறுத்தது. பொங்கலுக்குள் புண் வந்தது. என்ன போட்டும் ஆறவில்லை.

ஐகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்துப் பார்த்தார். முழங்காலுக்குப் பின்னால் ரத்தக்குழாய் முறுக்கிக்கொண்டு புடைத்தது.

"இது இடுப்பு நரம்பு இல்லம்மா, ரத்தக்குழாய்க் கோளாறு. கீழே இறங்குன ரத்தம் மேல ஏற மாட்டேங்குது. அதுவும் இப்படித்தான் இழுக்கும். நடந்தாக் குறையும். ஒரே இடத்துல நிக்கிறதுதான் இதுக்கு விஷம். அந்த வேலையை விட்டுருங்க."

விட்டால் வேறு வேலை தெரியாது. அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது.

கட்டுப் போடுகிற அறை வாசலில், பெஞ்சில் கொம்பையா உட்கார்ந்திருந்தார். வேட்டியை முழங்கால் வரை ஒதுக்கியிருந்தார். இரண்டு காலிலும் அவள் காலில் இருந்த அதே கறுப்பு, அதே புண். கடையில் இருந்தவரை பேண்ட்டுக்குள் மறைந்துகிடந்தது.

"உங்களுக்குமா அண்ணாச்சி? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, நிக்கத் துப்பில்லாத காலுன்னு ரெண்டு பேரையும் சேத்துல்லா அனுப்பியிருப்பாங்க."

இப்போது ஒரு குடோனில் காவல் வேலையாம். காலைத் தொங்கப்போட்டு நாள் பூரா உட்கார்ந்திருக்க வேண்டும், அதுவும் இந்தக் காலுக்கு ஆகாதாம். சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

பைய நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

"அந்தக் கடையில உன்னை உக்கார வைக்க என்னால ஆவாது தாயி. நடக்க வைக்கத்தான் முடிஞ்சுது."