காற்று பார்த்துப் போட்ட பயணம்

"சனிக்கிழமை ஹால்கி தீவுக்குப் போயிடலாம். ஆனா ஞாயித்துக்கிழமை பேய்க்காத்து அடிக்குமாம். கப்பல் திரும்பும்னு உறுதி சொல்ல முடியாது," என்றான் டிக்கெட் கொடுப்பவன்.

"திரும்பாதுன்னு உறுதி சொல்லுய்யா, இப்பவே எடுத்துக்கிறோம்," என்றான் என் நண்பன் பண்டேலிஸ்.

ஞாயிற்றுக்கிழமை அவன் மகனுக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பன் நான். பாதிரியார் கேட்டதும், தேவாலயத்தில் எல்லார் முன்னாலும் பிள்ளையின் பெயரை நான்தான் உரக்கச் சொல்ல வேண்டும். பண்டேலிஸின் அம்மா தன் புருஷன் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்கிறாள். அவன் மாமியாரோ தன் புருஷன் பெயரை. எதைச் சொன்னாலும் மற்றவள் என்னை ஞானஸ்நானத் தொட்டியில் முக்கிவிடுவாள்.

"தீவுல மாட்டிக்கிட்டோம்னா யாரு நம்மளக் கேக்க முடியும்? ஆக்டோபஸைச் சுட்டுத் தின்னுக்கிட்டே காத்தைத் திட்டலாம்," என்றான் பண்டேலிஸ்.

"பாதிரியாருக்குத் தெரிஞ்சா?"

"அந்தக் கிழவருக்கு மூக்குல வேர்த்துரும்டா. மூஞ்சியை மறைச்சுக்கிட்டு ஏறு."

சனிக்கிழமை காலை தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டு ஏறினோம். மேல்தளத்தில், கறுப்பு அங்கியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, தூண்டிலும் கையுமாக உட்கார்ந்திருந்தார் பாதிரியார்.

எங்களைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. பிறகு மெல்ல நகர்ந்து இடம் கொடுத்தார்.

"நேத்து ரெண்டு பொம்பளைங்களும் தனித்தனியா என் வீட்டுக்கே வந்துட்டாங்கப்பா," என்றார். "காத்து கட்டாயம் வரும்ல?"