பிலாலின் முகம்

அறையில் இருந்தவர்கள்: அனிமேஷன் படத்துக்குப் பணம் போட்ட ஹமீதுல்லா. ஸ்டூடியோ நடத்தும் ஜெபஸ்டின். மார்க்கத்துக்கு மாறாக எதுவும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வந்த ஹஜ்ரத். பிலாலை வரைந்த அவள்.

திரையில் பிலால்.

சுடுமணலில் மல்லாந்து கிடந்தார். மார்பில் பாறை. ஏற்றிவைத்த எஜமான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அடிமை தன் இறைவனை மறுத்தால் பாறை இறங்கும்.

மறுக்கவில்லை.

"ஒருவனே. ஒருவனே."

ஹஜ்ரத் திரையைப் பார்க்கவில்லை. மடியில் வைத்திருந்த வசனத் தாளைப் பார்த்தார். காட்சி தொடங்கியதிலிருந்தே அப்படித்தான்.

"வசனம் சரியா இருக்கு. முகம் மட்டும் கூடாது. நபித்தோழர் முகத்தை நாம வரையக் கூடாது. அந்த எடத்துல ஒரு வெளிச்சம் போட்டுக்குங்க."

ஜெபஸ்டின் அவளைப் பார்த்தான்.

"எத்தனை ஷாட்?"

"அறுபத்தொண்ணு."

அவளுடைய பதினான்கு மாத வேலை.

போன மே மாதம், உச்சிவெயிலில், மொட்டைமாடியில் மல்லாந்து படுத்தாள். இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை நெஞ்சில் வைக்கச் சொன்னாள். முகம் என்ன ஆகிறது என்று படம் பிடித்துப் பார்த்தாள். வலி வாயில் தெரியும் என்று நினைத்திருந்தாள். வாயில் ஒன்றுமில்லை. காதுக்குக் கீழே, தாடை திரும்பும் இடத்தில் ஒரு தசை. அது மட்டும் துடித்தது. அதை வரைய மூன்று மாதம் ஆனது.

சூட்டில் உரிந்த முதுகுத்தோல் இரண்டு வாரத்தில் வளர்ந்துவிட்டது.

"அந்த எஜமானுக்கு?" என்றாள்.

ஹமீதுல்லா சிரித்தார். "அவனுக்கு என்னம்மா மரியாதை? அவன் மூஞ்சி இருந்துட்டுப் போகட்டும்."

அடிப்பவனுக்கு முகம். அடிபடுபவருக்கு வெளிச்சம்.

அவள் ஹஜ்ரத் பக்கம் திரும்பினாள்.

"பார்க்காமலே சொல்றீங்களே, ஹஜ்ரத்."

ஜெபஸ்டின் செருமினான்.

ஹஜ்ரத் தாள்களைத் தட்டி அடுக்கினார். ஓரம் சேரவில்லை. மறுபடி தட்டினார்.

"பார்த்துட்டா சொல்ல முடியாதும்மா."

மதிய லுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. ஹமீதுல்லாவும் ஹஜ்ரத்தும் பள்ளிவாசலுக்குக் கிளம்பினார்கள். திரும்பி வந்ததும் கீழ்த்தளத்தில் சாப்பாடு.

ஜெபஸ்டின் வாசலில் நின்றான்.

"முகம் இருக்கற ஒரு காப்பிகூட இருக்கக் கூடாது. வெளிய போச்சுன்னா படமே வராது. நாப்பது பேரு வேலை. இப்பவே அழி. அழிச்சுட்டுச் சொல்லு."

அவனும் போனான்.

வெளியே எடுத்துப்போக வழியில்லை. பென் டிரைவ் செருகும் துளைகளை வேலையின் முதல் நாளே அடைத்திருந்தார்கள்.

கோப்புகளைத் தேர்ந்தெடுத்தாள். அழித்தால் திரும்ப வராது, அழிக்கட்டுமா என்று கேட்டது கணினி.

கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அரைமணி நேரம் அப்படியே போனது.

கதவு தட்டும் சத்தம்.

ஹஜ்ரத். தனியாக வந்திருந்தார். மூன்று மாடி ஏறிய மூச்சு.

"அழிச்சாச்சா?"

"இல்ல."

வாசற்படியைத் தாண்டவில்லை. உள்ளே அவள் மட்டும். வேறு யாரும் இல்லாமல் ஒரு பெண் இருக்கும் அறைக்குள் அவர் வரமாட்டார். இந்தப் படத்தில் வேலை பார்த்ததில் அவளுக்கும் இதெல்லாம் தெரிந்திருந்தது.

"முப்பது வருஷமா பள்ளிவாசல் பயான்ல இந்த எடத்தைச் சொல்றேன்," என்றார், தரையைப் பார்த்து. "ஜனங்க அழுவாங்க."

தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்துக்கொண்டார்.

"எனக்கு அழுகை வந்ததில்ல."

காட்டச் சொல்லிக் கேட்க வந்தவர் அதைக் கேட்கவில்லை.

அவள் பெரிய திரையில் காட்சியைத் தொடக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். பக்கத்துச் சின்னத் திரையில் கணினியின் கேள்வி இன்னும் நின்றது. அதை மூடப் போனாள். மூடவில்லை.

"இந்த நீளப் பொத்தானை அழுத்தினா படம் ஓடும். அந்தச் சின்னத் திரையில 'ஆம்'னு இருக்கறதைத் தொட்டா எல்லாம் அழிஞ்சிடும்."

எழுந்து வெளியே வந்தாள். அவர் ஒதுங்கி வழிவிட்டார். பிறகு உள்ளே போனார். நாற்காலியில் உட்காரவில்லை. நின்றார்.

படிக்கட்டில் ஹமீதுல்லாவின் குரல் ஏறி வந்தது.

"ஹஜ்ரத்! எங்க போனீங்க? பிரியாணி ஆறுது!"

அவள் கதவைச் சாத்தினாள். யாரும் உள்ளே போகாதபடி வெளியிலிருந்து பூட்டினாள்.